ஒரே நிறுவனம், வேறு கிளை, வேறு விலை: வடசென்னையிலிருந்து ஒரு சட்டப் பார்வை

திருவொற்றியூர்க் கிளையில் வாங்கிய பொருளை அதே நிறுவனம் அண்ணா நகர்க் கிளையில் வேறு விலைக்கு விற்கலாமா? இராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பகுதிகளில் நடக்கும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கையில் இரண்டு கடைகளின் ரசீதுகள் இருக்கும். ஒரே எண்ணெய், ஒரே எடை, ஒரே வாரம். தொகை மட்டும் வேறு. "நாங்கள் இந்தப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த விலையா?" என்பது அவர்கள் கேட்க வருவது.

சுருக்கமான விடை இது: பெரும்பாலான நேரங்களில் அவ்வாறு விற்பது சட்டப்படி குற்றமன்று. ஆனால் அந்த விடையோடு நிறுத்திக்கொள்வது சரியாகாது. விலை வேறுபாட்டில் சட்டம் தடுப்பவை உண்டு, அனுமதிப்பவை உண்டு, சட்டம் இதுவரை எண்ணிப் பார்க்காதவையும் உண்டு. இம்மூன்றையும் பிரித்து அறிந்தால்தான் எதற்குப் புகார் அளிப்பது, எதற்குப் போராடுவது என்பது தெளிவாகும்.

அச்சிட்ட விலையும் விற்கும் விலையும்

பொட்டலத்தின் மீது அச்சிடப்படும் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச சில்லறை விலை. அனைத்து வரிகளும் உட்பட, கடைசி நுகர்வோரிடம் அதற்கு மேல் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்று சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன் கீழ் இயற்றப்பட்ட பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011 கூறுகின்றன. அது உச்சவரம்பு மட்டுமே. அந்த வரம்புக்குக் கீழே எந்த விலைக்கு விற்பது என்பதைக் கடைக்காரரின் விருப்பத்துக்கே சட்டம் விட்டுவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சலவைத்தூள் பொட்டலத்தின் அச்சிட்ட விலை 100 ரூபாய். ஒரு கிளை அதை 88 ரூபாய்க்கும், இன்னொரு கிளை 96 ரூபாய்க்கும் தருகிறது. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவையே. இரண்டாவது கிளையின் வாடிக்கையாளர் எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவருக்கும் நான்கு ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்கிறது. கிளைக்குக் கிளை விலை மாறுவது எல்லாம் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடி என்னும் இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

வரி இதற்குக் காரணமன்று. சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுவதும் ஒரே விகிதம்தான். ஒரே நகரின் இரு கிளைகளுக்கிடையே அது வேறுபட வழியில்லை. வரி மாறும் காலத்தில் மட்டும் குழப்பம் நேரும். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் குறைக்கப்பட்டபோது, பழைய விலை அச்சிட்ட சரக்கும் புதிய விலைச் சரக்கும் சில காலம் கடைகளில் அருகருகே இருந்தன.

விலை ஏன் மாறுகிறது?

முதற்காரணம் இடத்தின் செலவு. வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம், குளிரூட்டல் ஆகியவை கிளைக்குக் கிளை வேறுபடும். டிமார்ட் போன்ற நிறுவனம் தன் கடைகளில் பெரும்பாலானவற்றின் கட்டடத்தைத் தானே சொந்தமாக வைத்திருப்பது, வாடகைச் சுமையைக் குறைத்து விலையைத் தாழ்வாக வைக்கும் உத்திகளில் ஒன்று. வடசென்னையில் மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. இப்படிப்பட்ட மாற்றத்தால் நெடுஞ்சாலை ஓரத்து வாடகை ஏறினால், அது ஒருநாள் கடையின் விலைப் பட்டியலிலும் தெரியும்.

இரண்டாவது, சரக்கு வந்துசேரும் வழி. கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அதுவரை இராயபுரத்துக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த மொத்த விற்பனை, நகரின் மேற்குப் பக்கம் போய்விட்டது. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில், காய்கறி வண்டியும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தாமதமும் அழுகலும் விலையில் சேர்கின்றன.

மூன்றாவது, பக்கத்துக் கடை. பல காரணங்களுள் வலிமையானது இதுவே. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மூன்று பல்பொருள் அங்காடிகள் இருந்தால், மக்கள் விலையை ஒப்பிட்டு வாங்கும் பொருள்களான எண்ணெய், பருப்பு, சர்க்கரை, சலவைத்தூள் ஆகியவற்றில் கிளை மேலாளர் தள்ளுபடியைக் கூட்டியே ஆக வேண்டும். ஒரே ஒரு கடை இருக்கும் இடத்தில் அவருக்கு அந்த நெருக்கடி இல்லை. பெருநிறுவனங்கள் கடைகளைப் போட்டியின் அளவைப் பொறுத்து விலை மண்டலங்களாகப் பிரித்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

நான்காவது, கடையின் வகை. ஒரே குழுமம் பெரிய அங்காடி, தெருமுனைக் கடை, கைப்பேசிச் செயலி என்று பல வடிவங்களில் விற்கிறது. ரிலையன்ஸ் குழுமத்தின் ஸ்மார்ட் பஜார், ஸ்மார்ட் பாயிண்ட், ஃப்ரெஷ் ஆகியவை வாடிக்கையாளருக்கு ஒரே நிறுவனம். கணக்கேட்டில் அவை வெவ்வேறு வகைக் கடைகள். சிறிய கடையில் சரக்குத் தேர்வு குறைவு. மலிவான பொருள் அங்கே வைக்கப்படாமலே இருக்கலாம். அப்போது எந்தப் பொருளின் விலையும் ஏறாமலே வாடிக்கையாளரின் மொத்தத் தொகை ஏறுகிறது.

விலை அச்சிடப்படாத பொருள்கள்

காய்கறி, பழம், மீன், இறைச்சி, சில்லறையாக நிறுக்கும் அரிசி, பருப்பு ஆகியவற்றுக்கு அச்சிட்ட விலை கிடையாது. உச்சவரம்பு இல்லாத இடத்தில் வேறுபாடு மிகுதியாக இருக்கும். காசிமேட்டில் விடியற்காலையில் கூறு கட்டி விற்கப்படும் மீன், சில கிலோமீட்டர் தள்ளிக் குளிரூட்டிய கடையில் நிறுத்து விற்கப்படும்போது விலை வேறாகிறது. இடைப்பட்ட பனிக்கட்டி, வண்டி, கழிவு ஆகியவற்றின் செலவோடு, வேறு இடத்துக்குப் போக நேரமில்லாத வாடிக்கையாளரின் நிலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

இத்தகைய பொருள்களில் சட்டம் பார்ப்பது எடையின் நேர்மையை. தராசில் முத்திரை உள்ளதா, காட்டிய எடை சரியா என்று ஆய்வாளர் பார்ப்பார். கிலோ என்ன விலை என்று கேட்க அவருக்குப் பொதுவாக அதிகாரமில்லை.

சிறு பொட்டலத்தின் கணக்கு

துறைமுகத்திலும் கன்டெய்னர் முனையங்களிலும் நாட்கூலிக்குச் செல்பவரின் வீட்டில் மளிகை மாதக்கணக்கில் வாங்கப்படுவதில்லை. அன்றைய கூலிக்கு அன்றைய சாமான். எனவே அவர்கள் செலுத்தும் விலையை நிர்ணயிப்பதில் கிளையைவிடப் பொட்டலத்தின் அளவுக்குப் பங்கு அதிகம்.

அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு ஐந்து விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. உடனே தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. மூட்டையாக வாங்கும் வசதியுள்ளவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ பொட்டலம் வாங்குபவர் தப்பவில்லை. இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியிருக்கலாம்.

சிறியது எப்போதும் விலை கூடியது என்றும் கொள்ளக் கூடாது. ஷாம்பு போன்ற சில பொருள்களில் சின்னப் பாக்கெட்டின் ஒரு மில்லி விலை, புட்டியின் ஒரு மில்லி விலையைவிடக் குறைவாக இருப்பதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2021-ல் செய்யப்பட்ட திருத்தம், குறிப்பிட்ட பொருள்களைக் குறிப்பிட்ட எடைகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என்றிருந்த பட்டியலை நீக்கிவிட்டது. இன்று அரைக்கிலோ போலத் தோன்றும் பொட்டலத்தில் 450 கிராம் இருக்கலாம். அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ, ஒரு மில்லி அல்லது ஒரு லிட்டர் என்ன விலை என்பதை அச்சிட வேண்டும் என்று அதே திருத்தம் கூறியது. இரு கிளைகளின் விலையை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது இந்த அலகு விலையை.

சட்டம் தடுப்பவை

பின்வருவன தெளிவான மீறல்கள்.

ஒன்று, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது. குளிரூட்டும் கட்டணம், கையாளும் கட்டணம் என்று எந்தப் பெயரிட்டாலும் கடையில் இது செல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையில் பால் பாக்கெட்டுகள் பல இடங்களில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பேரிடரும் இதற்கு விலக்கு அளிப்பதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: உணவகங்களும் விடுதிகளும் இருக்கை, பரிமாறுதல் உள்ளிட்ட சேவையோடு சேர்த்துத் தரும் குடிநீர்ப் புட்டிக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சில்லறைக் கடைகளுக்கானதன்று.

இரண்டு, அச்சிட்ட விலையை அழிப்பது, மறைப்பது, அதன் மேல் கூடுதல் விலைச் சீட்டு ஒட்டுவது.

மூன்று, ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடுவது. திரையரங்கு, விமான நிலையம், பேரங்காடி ஆகியவற்றுக்கென்று தனி விலை அச்சிட்ட குடிநீர்ப் புட்டிகள் ஒருகாலத்தில் பரவலாக விற்றன. பிக் சினிமாஸ் வழக்கில் 2016-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் இதை நேர்மையற்ற வணிகமுறை என்றது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒரேமாதிரியான பொட்டலப் பொருளுக்கு, கட்டுப்படுத்தும் அல்லது நேர்மையற்ற வணிகமுறையால் வெவ்வேறு அதிகபட்ச விலைகளை அறிவிக்கக் கூடாது என்று விதி 18-லேயே சேர்த்தது. ஆகவே இரு கிளைகளில் விற்கும் விலை வேறுபட்டால் குற்றமில்லை. ஒரே காலத்தில் தயாரான ஒரே பொட்டலத்தில் அச்சிட்ட விலையே வேறுபட்டிருந்தால் கேள்வி கேட்க இடமுண்டு.

நான்கு, அலமாரியில் ஒரு விலை, ரசீதில் வேறு விலை. பொருளின் மீதோ சட்டப்படி வைக்கப்பட்ட விலைப்பட்டியலிலோ காட்டிய விலைக்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலைக்கும் மேல் வாங்குவது புகாருக்குரியது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. ரசீது தர மறுப்பதும் அதே சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறையே.

ஆளைப் பார்த்து விலை

மேற்கண்டவை எல்லா நுகர்வோருக்கும் உரியவை. பட்டியலின மக்களுக்கு விலை குறித்த வேறொரு பாதுகாப்பு அதற்கும் முன்பே, 1955-லேயே எழுதப்பட்டிருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன் பிரிவு 6, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவருக்குப் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு நிற்கவில்லை. வழக்கமான வணிகத்தில் மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நிபந்தனைகளில் விற்கப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் விற்க மறுப்பதும் குற்றம் என்கிறது. விலை என்பது விற்பனையின் முதல் நிபந்தனை. எனவே சாதி பார்த்துக் கூடுதல் விலை சொல்வது இப்பிரிவின் கீழ் வரும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்பது பிரிவு 12. அல்லவென்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்பினுடையது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-ல் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்னும் வரையறையும் இதே திசையில் செல்கிறது. வழக்கமான வணிகத்தில் பொதுவாக எந்த நிபந்தனைகளில் ஒன்று செய்யப்படுமோ, அந்த நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் புறக்கணிப்பே. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பட்டியலினக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த காணொளி வெளிவந்தது, கைது நடவடிக்கை தொடர்ந்தது, கடைக்கு முத்திரையிடப்பட்டது. அங்கே மறுத்தவரும் மறுக்கப்பட்டவர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். சட்டம் புரிந்துகொள்ளும் பாகுபாடு அத்தகையது.

இடத்தைப் பார்த்து விலை

பெருநிறுவனக் கடையில் நிலைமை வேறு. கணினி அச்சிடும் ரசீதுக்கு வாங்குபவரின் சாதி தெரியாது. கல்லாவில் நிற்கும் ஊழியரும் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த பிள்ளை. அந்தக் கிளைக்குள் வரும் எல்லோருக்கும் ஒரே விலை. எனவே 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே தொட எதுவுமில்லை. விலையை நிர்ணயிப்பது கிளையின் இடம்.

ஆனால் சென்னையில் யார் எந்த இடத்தில் வசிக்கிறார் என்பது தற்செயலாக அமைந்ததன்று. கோட்டைக்கு வடக்கே இருந்த பகுதியைக் கருப்பர் நகரம் என்றே ஆங்கிலேயர் அழைத்தார்கள். 1906-ல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அதற்கும் வடக்கே துறைமுகம், ரயில், ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள், அனல்மின் நிலையங்கள் என்று அடுக்கப்பட்டன. அவற்றின் உழைப்பாளிகளும் மீனவரும் பட்டியலின மக்களும் அவற்றின் புகைக்கு நடுவே குடியிருக்கிறார்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு போன்றவையும் அரசே தேர்ந்தெடுத்த இடங்கள். இடத்துக்கு ஏற்ற விலை என்னும் விதி சாதியின் பெயரை உச்சரிப்பதில்லை. சாதியும் வர்க்கமும் வரைந்த வரைபடத்தின் மீது அது செயல்படுகிறது.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரின்ஸ்டன் ரிவியூ என்னும் நிறுவனம் தன் இணையவழித் தேர்வுப் பயிற்சிக்கு அஞ்சல் குறியீட்டுக்கு ஏற்ப வெவ்வேறு கட்டணம் வாங்கியது. புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் 2015-ல் அதை ஆராய்ந்தபோது, ஆசிய வம்சாவளியினருக்குக் கூடிய கட்டணம் காட்டப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று தெரியவந்தது. நிறுவனம் இனத்தைக் கேட்கவேயில்லை. அஞ்சல் குறியீட்டை மட்டுமே கேட்டது.

நம் சட்டம் இங்கே என்ன சொல்கிறது? அரசமைப்பின் கூறு 15(2), சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் கடைகளில் நுழைவதற்கு எந்தத் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் அரிதான கூறு அது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் கொள்ள வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 2011-ல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்றது. ஆயினும் அக்கூறு பிறப்பிடத்தைச் சொல்கிறதே தவிர வசிப்பிடத்தைச் சொல்லவில்லை. போட்டிச் சட்டம், 2002 பாகுபாடான விலையைத் தடுக்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு வட்டாரத்தின் ஒரே பெரிய கடை என்பதால் மட்டும் ஆதிக்க நிலை மெய்ப்பிக்கப்பட்டுவிடாது.

வியப்புக்குரியது, இணைய விற்பனைக்கு நம்மிடம் இதைவிடத் தெளிவான விதி இருப்பது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-ன் விதி 4(11), நியாயமற்ற இலாபத்துக்காக விலையைத் திரிப்பதையும், ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டுவதையும், அவர்களின் உரிமையைப் பாதிக்கும் வகையில் மனம்போனபடி வகைப்படுத்துவதையும் தடுக்கிறது. ஒரே பயணத்துக்குக் கைப்பேசியின் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதாக எழுந்த புகாரில் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கை அனுப்பியது. செயலியில் கேட்கப்படும் இக்கேள்வி, செங்கல் சுவருள்ள கடையில் கேட்கப்படுவதில்லை.

எங்கும் ஒரே விலை என்பது தீர்வாகுமா?

அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் போட்டி ஆணையம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், பெரிய அங்காடிகள் உள்ளூர்ப் போட்டிக்கேற்பக் கிளை விலையை வளைப்பது பொதுநலனுக்கு எதிரானது என்று கண்டது. ஆனால் தடை எதையும் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்காவில் டெல்லாவிக்னா, ஜென்ட்ஸ்கோ என்னும் இரு பொருளியலாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பெரும்பாலான சங்கிலித்தொடர்க் கடைகள் எல்லாக் கிளைகளிலும் ஏறத்தாழ ஒரே விலையை வைத்திருப்பதைக் காட்டியது. அதனால் ஏழைகளுக்கு நன்மை விளையவில்லை. கிளைக்கேற்ப விலை வைத்திருந்தால் வருவாய் குறைந்த பகுதிகளில் விலை இறங்கியிருக்கும். ஒரே விலையால் அங்குள்ளவர்கள் கூடுதலாகச் செலுத்தினர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. வடசென்னைக் கிளையில் விலை கட்டாயம் கூடுதலாகவே இருக்கும் என்று முன்முடிவு செய்யக் கூடாது. சில பொருள்களில் குறைவாகவும் இருக்கலாம். இழப்பு வேறு வழியில் வரலாம்: மலிவான பெரிய அங்காடி தொலைவில் இருப்பது, பேருந்துக் கட்டணம், கடனுக்குத் தரும் அண்ணாச்சி கடையை விட்டு வர முடியாமை, வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டுவரும் செயலியின் எல்லைக்குள் குடியிருப்பு வராமை. அளந்து பார்க்காமல் எழுப்பும் குற்றச்சாட்டு, நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு உதவும்.

விலைச் சமத்துவத்தை நடைமுறையில் காட்டும் விற்பனை வலைப்பின்னல் நம் மாநிலத்திலேயே உள்ளது. அது நியாயவிலைக் கடை. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் அரிசி விலையில்லாமலும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. போயஸ் தோட்டத்துக்கும் எர்ணாவூருக்கும் ஒரே விலை. அங்கே சண்டை விலைக்காக நடப்பதில்லை; சரக்கு வந்ததா, எடை சரியா என்பதற்காக நடக்கிறது. தனியார் கடையின் விலையைக் கீழே பிடித்து வைத்திருக்கும் மறைமுக ஆற்றலும் அதற்கு உண்டு. ரேஷனில் பருப்பு தவறிய மாதத்தில் வெளிக்கடையில் முழு விலை கொடுக்க வேண்டியிருப்பதை எந்தக் குடும்பத் தலைவியும் சொல்வார்.

இடத்துக்கு ஏற்ற விலையை வெளிப்படையாக நடத்த முடியும் என்பதற்கும் சான்று நம் தெருவிலேயே உள்ளது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள். அங்கிருந்து செல்லும் தூரத்தைப் பொறுத்துப் பெட்ரோல் நிலையங்களின் விலை பைசாக் கணக்கில் மாறும். 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை நிர்ணயிக்கும் முறை வந்தபின், எந்த நிலையத்தில் இன்று என்ன விலை என்பதைக் குறுஞ்செய்தியிலோ செயலியிலோ எவரும் அறியலாம். ஒரு நிலையத்தின் விலையை நிறுவனம் மறைப்பதில்லை. அரிசி, எண்ணெய் விற்கும் பெருநிறுவனத்தால் மட்டும் அது ஏன் இயலாது?

நாம் செய்யக்கூடியவை

முதலில் ரசீதைக் காப்பாற்றுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். அலமாரிச் சீட்டையும் பொட்டலத்தின் அச்சிட்ட விலையையும் சேர்த்துப் படமெடுங்கள்.

ஒப்பீடு செய்வதானால் முறையாகச் செய்யுங்கள். மகளிர் குழுவோ குடியிருப்போர் சங்கமோ இருபது பொருள்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அதே வணிகப்பெயர், அதே எடை, அதே நாள், இரண்டு அல்லது மூன்று கிளைகள். அச்சிட்ட விலை, விற்ற விலை, அலகு விலை, சரக்கு இல்லாத பொருள்கள், போய்வந்த செலவு ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து செய்த குறிப்பேடு, மேடையில் பேசும் பத்துப் பேச்சைவிட வலிமையானது.

மீறல் தெளிவாக இருந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். எடை, அச்சிட்ட விலை தொடர்பான புகார்களுக்குத் தமிழ்நாட்டில் பொறுப்பு தொழிலாளர் துறையினுடையது. சட்டமுறை எடையளவுப் பிரிவு அதன் கீழ்தான் இயங்குகிறது. இழப்பீடு வேண்டுமெனில் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. ஒரே குறை பலருக்கு இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு அனைவர் சார்பிலும் ஒருவரே வழக்காடலாம்.

சாதியைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டாலோ, தர மறுத்தாலோ அது நுகர்வோர் புகார் அன்று. காவல் நிலையத்தில் பதிய வேண்டிய குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றும் அனுப்பலாம். கடந்த மூன்றாண்டுகளில் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்களில் பல்பொருள் அங்காடிகளில் எத்தனை ஆய்வுகள் நடந்தன, எத்தனை வழக்குகள் பதிவாயின, தென்சென்னை மண்டலங்களில் எத்தனை என்று தொழிலாளர் துறையிடம் கேளுங்கள். விலை வேறுபாட்டுக்குச் சட்டம் விடை தராமல் போகலாம். ஆய்வாளர் எந்தத் தெருவுக்கு வருகிறார், எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்பதற்கு அரசு விடை சொல்லியே ஆக வேண்டும்.

கோரிக்கை இரண்டு

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கிளைகள் உள்ள நிறுவனங்கள், அடிப்படைப் பொருள்களின் கிளைவாரி விலையை நாள்தோறும் வெளியிட வேண்டும் என்று விதி வேண்டும். பெட்ரோலுக்கு நடைமுறையில் இருப்பதைத்தான் கேட்கிறோம். மின்வணிக விதிகளில் உள்ள, மனம்போனபடி வகைப்படுத்தக் கூடாது என்னும் கட்டுப்பாட்டை நேரடிக் கடைகளுக்கும் நீட்ட வேண்டும். வாடகையும் போக்குவரத்தும் காரணமாக விலை மாறினால் நிறுவனம் அதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். வேறு கடை இல்லாத மக்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், அதையும் சொல்ல வேண்டிய நிலை வர வேண்டும்.

இரண்டு ரசீதுகளோடு வரும் பெண்ணுக்கு இன்று நான் தரும் விடை, "இது குற்றமில்லை, அம்மா" என்பதே. எந்தக் கிளையில் என்ன விலை, ஏன் அந்த விலை என்பது பொதுவெளிக்கு வந்துவிட்டால், அவர் என்னிடம் வர வேண்டியதில்லை; நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வார்.